350 ஸ்மால் பிளாக்குக்கு எந்த அலுமினிய சிலிண்டர் ஹெட்? போர்ட் அளவும் சீட் வேலையும்: ஓர் ஒப்பீடு

செவ்ரோலேயின் 350 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினைத் திறன் கூட்டிக் கட்டுபவர் எடுக்கும் முடிவுகளில், எஞ்சினின் குணத்தை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது, சிலிண்டர்களின் மேல் மூடியாக அமர்ந்து வால்வுகளையும் காற்றுவழிகளையும் தாங்கும் சிலிண்டர் ஹெட் பற்றிய முடிவுதான். கார்புரேட்டரை ஒரு மாலை வேளையில் மாற்றிவிடலாம். கேம்ஷாஃப்டைக்கூடப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹெட்டை மாற்றினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்), கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் புஷ்ராடு என்ற தண்டின் நீளம், இன்டேக் மெனிஃபோல்டு, சில நேரங்களில் எக்ஸாஸ்ட் ஹெடர் வரை எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கும். 1955இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய இந்த எஞ்சின் குடும்பத்துக்கு அலுமினிய ஹெட் செய்துதரும் நிறுவனங்கள் பல. எடல்பிராக், டார்ட், டிரிக் ஃப்ளோ, ஏ.எஃப்.ஆர்., புரோடிக்ஸ் ஆகியவை அவற்றுள் நெடுங்காலமாக இருப்பவை. இவர்களின் பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தால் இன்டேக் போர்ட், அதாவது ஹெட்டுக்குள் காற்று சிலிண்டரை நோக்கி ஓடும் வழி, கொள்ளளவில் 170 சி.சி.யில் தொடங்கி 230 சி.சி.க்கு மேலும் செல்கிறது. அதில் எதை எடுப்பது என்பதே கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேவையான காற்றைத் தரக்கூடிய போர்ட்டுகளில் மிகச் சிறியதையும், கையில் உள்ள பணத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வால்வு சீட் (வால்வு மூடும்போது அமரும் வளையம்) வேலையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாகவே செலவழிக்கிறார்கள்.

ஒப்பீட்டுக்கு அடிப்படையாக 4.00 அங்குல போரும் (சிலிண்டரின் விட்டம்) 3.48 அங்குல ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) கொண்ட சாதாரண 350 பிளாக்கை எடுத்துக்கொள்கிறேன். வால்வு சாய்வு இந்தக் குடும்பத்துக்கே உரிய 23 பாகை. 18 பாகை போன்ற குறைந்த சாய்வுள்ள பந்தய ஹெட்டுகளும் உண்டு. அவற்றுக்குத் தனி பிஸ்டன், தனி ராக்கர் அமைப்பு, தனி மெனிஃபோல்டு என்று எஞ்சினையே புதிதாகத் திட்டமிட வேண்டியிருப்பதால், சாலையில் ஓடப்போகும் எஞ்சினுக்கான இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.

அலுமினியமா, வார்ப்பிரும்பா?

அலுமினிய ஹெட் என்றாலே குதிரைத்திறன் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உலோகம் மட்டும் மாறி, போர்ட்டும் எரியறையும் கம்ப்ரஷனும் அப்படியே இருந்தால் திறன் கூடுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. வார்ப்பிரும்பைவிட அலுமினிய வார்ப்புக் கலவை ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், எரியறையின் வெப்பத்தில் சற்றுக் கூடுதலான பங்கு குளிர்நீருக்குள் போய்விடுகிறது. அதே கம்ப்ரஷனில் இது ஒரு சிறிய இழப்பே. இந்த இழப்பே வேறு வகையில் ஆதாயமாகிறது. எரியறைச் சுவர் குளிர்ந்திருப்பதால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) தொடங்கும் எல்லை தள்ளிப்போகிறது. அதே பெட்ரோலில் வார்ப்பிரும்பு ஹெட்டைவிட 0.5 முதல் 1 வரை கூடுதலான கம்ப்ரஷன் விகிதத்தை அலுமினிய ஹெட் தாங்கும் என்பது எஞ்சின் கட்டுபவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு. அந்தக் கூடுதல் கம்ப்ரஷனை உண்மையில் பயன்படுத்திக்கொண்டால்தான் அலுமினியத்துக்குக் கொடுத்த பணம் திறனாகத் திரும்பி வரும். பழைய 8.5 கம்ப்ரஷனிலேயே எஞ்சினை வைத்துவிட்டு அலுமினிய ஹெட் பொருத்துபவருக்குக் கிடைப்பது நல்ல போர்ட்டின் பலனும், முன்பக்க எடையில் இரண்டு ஹெட்டுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 20 கிலோ குறைவதும் மட்டுமே.

வார்ப்பிரும்பில் கவனத்துக்குரிய போட்டியாளர் ஒன்று இருக்கிறது. 1996இல் எல்31 எஞ்சினுடன் வந்த வோர்டெக் ஹெட்தான் அது. 64 சி.சி. எரியறை, ஏறத்தாழ 170 சி.சி. இன்டேக் போர்ட், 1.94 அங்குல இன்டேக் வால்வு, 1.50 அங்குல எக்ஸாஸ்ட் வால்வு என்ற அளவுகளுடன், எண்பதுகளுக்கு முந்தைய 76 சி.சி. வார்ப்பிரும்பு ஹெட்டுகளைவிட இது தெளிவாக அதிகக் காற்றை விடுகிறது. எரியறையின் வடிவமும் நவீனமானது. 5,000 ஆர்பிஎம்மைத் தாண்ட அவசியமில்லாத எஞ்சினுக்கு இது இன்றும் நல்ல தேர்வே. இதன் எல்லைகள் இரண்டு. ஒன்று, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடின் மேல்முனை உயரமாக இருப்பதால், அதை இயந்திரத்தில் குறைக்காமல் 0.460 அங்குலத்தைக் கணிசமாகத் தாண்டும் லிஃப்ட் (வால்வைத் தூக்கும் உயரம்) உள்ள கேம் வைக்க முடியாது. மற்றொன்று, இன்டேக் மெனிஃபோல்டின் போல்ட் அமைப்பு வேறு. கையில் உள்ள பழைய மெனிஃபோல்டு இதில் உட்காராது. கைடைக் குறைத்து, ஸ்பிரிங்கை மாற்றி, ஸ்டட் மரையிட்டு, புதிய மெனிஃபோல்டும் வாங்கிய பிறகு மொத்தச் செலவை ஒரு சிறிய அலுமினிய ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் வித்தியாசம் கரைந்துபோயிருக்கும். விரிசல் விட்ட வார்ப்பிரும்பு ஹெட்டைச் சரிசெய்வது கடினம் என்பதையும், அலுமினியத்தை நல்ல வெல்டர் ஒருவரால் சரிசெய்ய முடியும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எரியறையும் கம்ப்ரஷனும்

போர்ட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; எரியறை அளவை மட்டும் கடைசியில் ஏதோ ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான மாற்று ஹெட்டுகள் 64 சி.சி.யை ஒட்டிய ஓர் அளவிலும் 70 முதல் 76 சி.சி. வரையிலான வேறோர் அளவிலும் கிடைக்கின்றன. இந்த ஒரு தேர்வு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நம் 350இன் ஒரு சிலிண்டர் பிஸ்டன் ஓட்டத்தில் அடைக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 716.6 சி.சி. தட்டையான தலை கொண்ட பிஸ்டனில் வால்வுக்கான வெட்டுகள் 5 சி.சி.; பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் டெக்குக்குக் (ஹெட் அமரும் மேல்முகம்) கீழே 0.025 அங்குலம் நிற்கிறது, அது 5.1 சி.சி.; 0.039 அங்குலத் தடிமனும் 4.100 அங்குலத் துளையும் உள்ள கேஸ்கட் 8.4 சி.சி. இவற்றுடன் 64 சி.சி. எரியறையைச் சேர்த்தால் 82.5 சி.சி.; கம்ப்ரஷன் 9.7. அதே எஞ்சினில் 72 சி.சி. எரியறை வைத்தால் 8.9 ஆகவும், 76 சி.சி. வைத்தால் 8.6 ஆகவும் இறங்கிவிடுகிறது. பிளாக்கின் டெக்கைச் சமப்படுத்திப் பிஸ்டனை மேல்விளிம்பு வரை கொண்டுவந்தால், 64 சி.சி. ஹெட்டுடன் 10.25 கிடைக்கும், மிதமான கேமும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் இருந்தால் அலுமினிய ஹெட்டுக்கு இது ஏற்ற அளவு.

கம்ப்ரஷன் எண்ணோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது க்வென்ச் இடைவெளி, அதாவது பிஸ்டனின் தட்டையான பகுதிக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையில் மேல்நிலையில் எஞ்சும் தூரம். அது 0.040 அங்குலத்தை, ஏறத்தாழ 1 மி.மீ.யை ஒட்டி இருந்தால் கலவை பலமாகப் பிழியப்பட்டு எரியறைக்குள் சுழன்று வேகமாக எரிகிறது. நாக்கிங்குக்கு இடம் குறைகிறது. மேலே சொன்ன 0.025, 0.039 இரண்டையும் கூட்டினால் 0.064 அங்குலம், இது தேவையைவிட அதிகம். வார்ப்பிரும்பு ஹெட் காலத்தில் 0.015 அங்குல எஃகுத் தகடு கேஸ்கட்டை வைத்து இதைச் சமாளித்தார்கள். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் ஹெட்டின் முகம் பிளாக்கின் மேல் நுண்ணளவில் நகர்கிறது. அந்த உராய்வை மெல்லிய எஃகுத் தகடு நெடுநாள் தாங்காது. எனவே அலுமினிய ஹெட்டைத் தேர்ந்தெடுப்பவர் பிளாக்கின் டெக்கைச் சமப்படுத்தும் செலவையும் ஹெட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுவதே நியாயம். பெரிய எரியறை ஹெட்டை வாங்கிவிட்டுப் பிறகு முகத்தைச் சீவிக் குறைக்கலாம் என்ற யோசனையும் வருவதுண்டு. ஒரு சி.சி. குறைய ஏறத்தாழ 0.007 அங்குலம் சீவ வேண்டும், எட்டு சி.சி.க்கு அது 0.056 அங்குலம். அவ்வளவு சீவினால் டெக் மெலியும், இன்டேக் முகத்தையும் சீவ வேண்டிவரும். தொடக்கத்திலேயே சரியான எரியறையைக் கேட்டு வாங்குவது எவ்வளவோ எளிது.

நல்ல எரியறையை அடையாளம் காண இன்னொரு வழி, அது கேட்கும் இக்னிஷன் அட்வான்ஸ், அதாவது பிஸ்டன் மேல்நிலையை எட்டுவதற்கு எத்தனை பாகை முன்பே தீப்பொறி வர வேண்டும் என்பது. பழைய திறந்த எரியறைகளுக்கு மொத்தம் 36 முதல் 38 பாகை வரை தேவைப்படும் இடத்தில், ஸ்பார்க் பிளக்கை எக்ஸாஸ்ட் வால்வின் பக்கம் நகர்த்திய இதய வடிவ எரியறைகள் 32 முதல் 34 பாகையிலேயே முழுத் திறனைத் தருகின்றன. தீப்பொறியைப் பிந்தி வைக்க முடிவது, மேலேறும் பிஸ்டன் வீணாக எதிர்த்துத் தள்ளும் வேலை குறைகிறது என்பதைக் காட்டுகிறது.

போர்ட் அளவு

முடிவின் மையம் இதுதான். 170 முதல் 180 வரை, 195 முதல் 200 வரை, 210 முதல் 230 வரை என்று சந்தையில் உள்ளவற்றை மூன்று கூட்டங்களாகப் பிரிக்கலாம். எடல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்பிஎம் 170 சி.சி., ஏ.எஃப்.ஆர். எலிமினேட்டர் 180 சி.சி. ஆகியவை முதல் கூட்டம். எலிமினேட்டர் 195, டிரிக் ஃப்ளோ சூப்பர் 23 வரிசையின் 195, டார்ட் புரோ 1 வரிசையின் 200 ஆகியவை நடுக்கூட்டம். அதே வரிசைகளின் 215 முதல் 230 வரையிலானவை மூன்றாம் கூட்டம்.

பெரிய போர்ட் அதிகக் காற்றை விடும் என்பது ஃப்ளோ பெஞ்சில் (ஹெட்டின் காற்றோட்டத்தை அளக்கும் கருவி) உண்மை. எஞ்சினுக்குள் காற்று சீராக ஓடுவதில்லை. வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது ஓடத் தொடங்கி நிற்கிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் கலவையைத் தொடர்ந்து தள்ளுவது போர்ட்டில் ஓடிவரும் காற்றின் வேகம் ஒன்றே. ஒரே நீளமுள்ள இரண்டு போர்ட்டுகளில் ஒன்று 180 சி.சி., மற்றொன்று 210 சி.சி. என்றால், சம அளவு காற்று ஓடும்போது பெரியதில் சராசரி வேகம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு கிராம் காற்றும் சுமந்துவரும் ஆற்றல் 27 விழுக்காடு குறைந்துவிடுகிறது. 7,000 ஆர்பிஎம்மில் காற்றின் ஓட்டம் எப்படியும் வேகமாக இருப்பதால் இந்தக் குறைவு தெரியாது. 2,500 முதல் 4,500 வரை, அதாவது சாலையில் கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் எல்லையில், இது டார்க்கில், அதாவது எஞ்சினின் முறுக்கு விசையில், நேரடியாகத் தெரியும். கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் பெட்ரோல் துளிகள் காற்றிலிருந்து பிரிந்து போர்ட் சுவரில் படிவதும் கூடும்.

எவ்வளவு காற்று தேவை என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உதவுகிறது. 28 அங்குல நீர்மட்ட அழுத்தத்தில் அளந்த இன்டேக் ஓட்டத்தை 0.257ஆல் பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால், மற்ற எல்லாம் சரியாக அமைந்த எஞ்சின் தரக்கூடிய குதிரைத்திறனின் மேல்வரம்பு கிடைக்கும். நிமிடத்துக்கு 240 கன அடி விடும் ஹெட் இந்தக் கணக்கில் 490ஐத் தாண்டுகிறது. சாலை எஞ்சினில் கேம், எக்ஸாஸ்ட், கம்ப்ரஷன் எல்லாம் சமரசத்துக்கு உட்பட்டவை என்பதால் மேல்வரம்பை எட்ட முடியாது. அப்படிப் பார்த்தாலும் 400 குதிரைத்திறன் வேண்டுபவருக்கு நல்ல 180 சி.சி. ஹெட்டின் காற்று போதும். சாலைக்கென்று எஞ்சின் கட்டுபவர்களில் பெரும்பாலானோர் உண்மையில் விரும்புவது 380 முதல் 430 வரையிலான ஓர் எண்ணைத்தான். அதற்கு 215 சி.சி. போர்ட்டை வாங்குவது, தேவைப்படாத உயர் ஆர்பிஎம்முக்காக அன்றாடம் ஓட்டும் வேகத்தில் டார்க்கை விட்டுக்கொடுப்பதாகும்.

போர்ட் கொள்ளளவை மட்டும் வைத்து இரு நிறுவனங்களின் ஹெட்டுகளை ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. போர்ட்டின் தரையை உயர்த்தியோ நீளத்தைக் கூட்டியோ அமைத்தால் கொள்ளளவு கூடும். குறுக்குவெட்டுப் பரப்பு கூடாது. எனவே ஒருவரின் 195 இன்னொருவரின் 200ஐவிட வேகமான போர்ட்டாகவும் இருக்கலாம், மந்தமான போர்ட்டாகவும் இருக்கலாம். ஸ்மால் பிளாக்கில் இன்டேக் போர்ட்டை ஒட்டியே புஷ்ராடு செல்வதால், அந்த இடத்தில் போர்ட்டின் சுவர் உள்பக்கமாக வளைந்து குறுகுகிறது. பெரும்பாலும் போர்ட்டின் மிகக் குறைந்த பரப்பு அந்தக் குறுகலில்தான் இருக்கும். அதன் பரப்பைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருந்தால் கொள்ளளவைவிட அதை நம்பலாம். வெளியிடாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃப்ளோ எண்களைப் படிப்பது

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது உச்ச லிஃப்டில் அளந்த எண். 0.600 அங்குலத்தில் 280 என்று ஒரு ஹெட்டும், அதே இடத்தில் 262 என்று இன்னொன்றும் இருந்தால், முதலாவதே சிறந்தது என்று தோன்றும். தேர்ந்தெடுத்த கேம் 0.480 அங்குலம் மட்டுமே வால்வைத் தூக்கும் என்றால், 0.600இல் உள்ள எண் அந்த எஞ்சினுக்குப் பொருளற்றது. அதோடு, வால்வு உச்ச லிஃப்டை ஒரு சுழற்சியில் ஒரு முறைதான் தொடுகிறது, 0.200, 0.300, 0.400 ஆகியவற்றை ஏறும்போதும் இறங்கும்போதுமாக இரு முறை கடக்கிறது. நடு லிஃப்ட் எண்களில் முந்தும் ஹெட்டே சாலை எஞ்சினுக்கு ஏற்றது.

இதன் பின்னால் எளிய வடிவியல் இருக்கிறது. வால்வைச் சுற்றியுள்ள திறப்பின் பரப்பு வால்வின் வட்டப் பரப்புக்குச் சமமாவது, லிஃப்ட் வால்வு விட்டத்தின் கால் பங்கைத் தொடும்போதுதான். 2.02 அங்குல வால்வுக்கு அது 0.505 அங்குலம். அதற்குக் கீழே ஓட்டத்தை ஏறத்தாழ முழுவதும் கட்டுப்படுத்துவது வால்வு சீட்டும் அதன் அடியில் உள்ள கிண்ணமும். அதற்கு மேலேதான் போர்ட்டின் ஆட்சி. ஆகவே 0.500 அங்குலத்துக்குள் முடிந்துவிடும் கேம் வைக்கும் ஒருவர் பெரிய போர்ட்டுக்குக் கொடுக்கும் பணம், ஓட்டத்தைத் தடுக்கும் இடத்தைத் தொடுவதே இல்லை. சீட் வேலைக்குக் கொடுக்கும் பணம் நேரே அந்த இடத்துக்குச் செல்கிறது.

இன்னும் இரண்டு விவரங்களைக் கேட்டறிய வேண்டும். 4.125 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள போரின் மேல் வைத்து அளந்த எண், 4.00 அங்குல போரில் அப்படியே வராது. சிலிண்டர் சுவர் வால்வுக்கு அருகில் வந்து ஓட்டத்தை மறைக்கும். எக்ஸாஸ்டில் குழாய் பொருத்தி அளந்ததா, வெறும் போர்ட்டில் அளந்ததா என்பதும் எண்ணை மாற்றும். எக்ஸாஸ்ட் ஓட்டம் இன்டேக்கின் 75 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதுமானது.

வார்த்த போர்ட்டும் கடைந்த போர்ட்டும்

வார்த்தபடியே விடப்பட்ட போர்ட்டில், மணல் அச்சின் உள்கூடு சிறிது நகர்ந்தாலும் ஒரு போர்ட்டுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு வந்துவிடும். சி.என்.சி. இயந்திரத்தில் கடைந்த போர்ட்டுகள் எட்டும் ஒரே அளவில் இருக்கும். எட்டு சிலிண்டர்களுக்கும் ஒரே கலவை, ஒரே தீப்பொறிக் கோணம் பொருந்தும். இந்தச் சீர்மைக்கு நான் உண்மையான மதிப்புக் கொடுக்கிறேன். இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வகையும் இருக்கிறது: போர்ட்டை வார்த்தபடி விட்டு, வால்வு சீட்டுக்கு அடியில் உள்ள கிண்ணப் பகுதியை மட்டும் கடைந்து சீட்டோடு இணைத்தவை. செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் சாலை எஞ்சினுக்கு இந்த இடைப்பட்ட வகையே சிறந்தது என்பது என் கருத்து; ஓட்டத்தின் பெரும் தடை கிண்ணத்தில்தான் இருக்கிறது, அதைத்தான் இவ்வகை சரிசெய்கிறது. முழுதும் கடைந்த 195ஐ வாங்கும் வசதி இருந்தால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கடைந்த போர்ட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றும் பழக்கம் மட்டும் இன்டேக்கில் வேண்டாதது.

சீட், கைடு, ஸ்பிரிங்

பெயர் பெற்ற நிறுவனங்களின் ஹெட்டுக்கும், பாதிக்கும் குறைவான விலையில் பெயர் தெரியாத முத்திரையில் வரும் ஹெட்டுக்கும் பார்வையில் வேறுபாடு குறைவு. வார்ப்புக்கு இருவரும் ஏ356 வகைக் கலவையை டி6 வெப்பப் பதத்தில் பயன்படுத்துவதாகவே சொல்வார்கள். மலிவான வார்ப்பெல்லாம் மோசம் என்று பொதுப்படச் சொல்ல முடியாது. வேறுபாடு இயந்திர வேலையில் இருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத நூற்றில் ஒரு மில்லிமீட்டர்களில்.

ஹெட் பெட்டியிலிருந்து வந்ததும் ஒரு வால்வைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். வால்வின் முகத்தில் மார்க்கிங் நீலத்தை மெல்லியதாகப் பூசி, கைடுக்குள் விட்டு, சீட்டில் மெதுவாக அழுத்திச் சிறிது திருப்பி எடுத்தால், சீட்டில் நீல வளையம் ஒன்று பதிந்திருக்கும். அந்த வளையம் எங்கும் அறுபடாமல், இன்டேக்கில் ஏறத்தாழ 1 மி.மீ., எக்ஸாஸ்டில் 1.5 மி.மீ. அகலத்தில், வால்வு முகத்தின் வெளிவிளிம்பைச் சற்றே உள்தள்ளி அமைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருந்தால், சீட்டின் மையமும் கைடின் மையமும் ஒன்றாக இல்லை. அத்தகைய வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் கைடுக்குள் சாய்ந்தே உட்காரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கைடு நீள்வட்டமாகி எண்ணெய் குடிக்கத் தொடங்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகவே ஹெட்டுக்குக் கொடுக்கிறது என்பதால், அறுபட்ட வளையம் எரிந்த வால்வாக முடியும். வால்வை அரை அங்குலம் தூக்கிப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் கைடின் இடைவெளியும் விரலுக்குத் தெரிந்துவிடும்; துல்லியமாக அறிய டயல் கேஜ் வேண்டும்.

மலிவான ஹெட்டை வாங்கி, நல்ல இயந்திரப் பட்டறையில் கைடும் சீட்டும் சரிசெய்து, ஸ்பிரிங்கை மாற்றினால் நம்பிக்கையான ஹெட் கிடைத்துவிடும். அந்த வேலையின் செலவைக் கூட்டிய பிறகு மொத்தம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். பெட்டியில் உள்ளதை அப்படியே போல்ட் போட்டு முடுக்க நினைப்பவருக்கு மலிவான ஹெட் ஏற்றதல்ல என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்பிரிங் விஷயத்தில் விலை உயர்ந்த ஹெட்டும் விதிவிலக்கல்ல. ஒரே ஹெட், தட்டையான அடி கேமின் மேல் உரசும் ஹைட்ராலிக் ஃபிளாட் டேப்பட் வகைக்கு ஒரு ஸ்பிரிங்குடனும், சிறு உருளை கேமின் மேல் உருளும் ஹைட்ராலிக் ரோலர் வகைக்கு வேறொரு ஸ்பிரிங்குடனும் விற்கப்படுகிறது. முன்னதற்கு மூடிய நிலையில் 110 முதல் 120 பவுண்டு, பின்னதற்கு 130 முதல் 150 பவுண்டு என்பது பொதுவான எல்லை. ரோலர் ஸ்பிரிங்கை ஃபிளாட் டேப்பட் கேமின் மேல் வைத்தால் முதல் அரைமணி ஓட்டத்திலேயே கேமின் மூக்கு தேய்ந்துவிடக்கூடும். மாற்றி வைத்தால் உயர் ஆர்பிஎம்மில் வால்வு கட்டுப்பாடின்றி மிதக்கும். கேமைத் தேர்ந்தெடுத்த பிறகு, கேம் தயாரிப்பாளர் தரும் ஸ்பிரிங் விவரத்தைக் காட்டி ஹெட்டைக் கேட்பதே சரியான வரிசை. முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொட இன்னும் 0.060 அங்குலமாவது எஞ்சியிருக்க வேண்டும்.

பொருந்துமா?

இங்கே சுருக்கமாகச் சில எச்சரிக்கைகள். இன்டேக் மெனிஃபோல்டின் போல்ட் அமைப்பு 1955 முதல் 1986 வரை ஒன்று, 1987 முதல் 1995 வரை நடுப் போல்ட்டுகளின் கோணம் மாறிய வேறொன்று, வோர்டெக்கில் மூன்றாவது. ஹெட் எதற்குத் துளையிடப்பட்டது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். 400 கன அங்குல பிளாக்கில் நீராவித் துளைகள் உள்ளதால் ஹெட்டிலும் அவற்றைத் துளைக்க வேண்டும். இல்லையெனில் அடுத்தடுத்து ஒட்டியுள்ள சிலிண்டர்களுக்கு நடுவே நீராவி தங்கிவிடும். 305இன் போர் 3.736 அங்குலமே என்பதால் 2.02 அங்குல வால்வு அதற்கு ஏற்றதல்ல. புஷ்ராடை நேராக நிறுத்தும் கைடு பிளேட் உள்ள ஹெட்டில் கடினப்படுத்திய புஷ்ராடு மட்டுமே வைக்க வேண்டும். தன்னைத்தானே நேர்ப்படுத்திக்கொள்ளும் வகை ராக்கர் ஆர்மை அதனுடன் சேர்க்கக் கூடாது, இரண்டு வழிகாட்டிகள் ஒன்றோடொன்று இழுபறி செய்யும். சாய்ந்த ஸ்பார்க் பிளக் எரியறைக்கு நல்லது. சில ஹெடர் குழாய்களுக்கு இடைஞ்சல்.

எதற்கு எது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் தொழிற்சாலை டார்க் கன்வர்ட்டரும் உள்ள, அன்றாடம் ஓடும் 350க்கு, 0.050 அங்குல லிஃப்டில் அளந்தால் வால்வைத் திறந்து வைத்திருக்கும் கால அளவு 210 முதல் 220 பாகை வரையுள்ள கேமுடன் 170 அல்லது 180 சி.சி. ஹெட். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கையால் மாற்றும் கியர்பாக்ஸோ 2,800 ஆர்பிஎம் அளவில் பிடிக்கும் கன்வர்ட்டரோ இருந்து, கேம் 224 முதல் 236 பாகை வரை சென்று, எஞ்சின் 6,000 முதல் 6,500 வரை சுழலப்போகிறது என்றால் 195. அதே பிளாக்கை 0.030 அங்குலம் பெரிதாக்கி 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கால் 383 ஆக்கியிருந்தால், ஒவ்வொரு சிலிண்டரும் ஏறத்தாழ 9 விழுக்காடு அதிகக் காற்றைக் கேட்பதால், மிதமான கேமுக்கும்கூட 195 முதல் 200 வரை பொருத்தமாக இருக்கும். 210க்கு மேற்பட்டவற்றை, 7,000ஐ நெருங்கிச் சுழலும், சாலிட் ரோலர் கேமும் அதற்கேற்ற பின்அச்சு விகிதமும் கொண்ட எஞ்சினுக்கே பரிந்துரைப்பேன். இரண்டு அளவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால் 350க்குச் சிறியதை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் சீட் வேலையையும் டெக் வேலையையும் செய்துகொள்வது மேல்.

ஆர்டர் கொடுக்கும் முன் டெக் உயரத்தையும் பிஸ்டன் வெட்டுகளின் கொள்ளளவையும் தானே அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ள எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒன்றாக இருப்பது அரிது. ஹெட் வந்த பிறகு, பிஸ்டன் தலையில் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்டேக்கில் 0.080 அங்குலமும் எக்ஸாஸ்டில் 0.100 அங்குலமும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். புஷ்ராடு நீளத்தை அளந்தே வாங்க வேண்டும். ஹெட் போல்ட்டின் தலைக்கடியில் கடினப்படுத்திய வாஷர் இல்லாமல் அலுமினியத்தை முடுக்கக் கூடாது. இந்தப் பிளாக்கில் ஹெட் போல்ட் துளைகள் நீர்க்கூட்டுக்குள் திறப்பதால் மரையில் சீலண்ட் பூச வேண்டும். சாலிட் லிஃப்டர் வைத்தவர்கள், அலுமினியம் சூடேறி விரியும்போது வால்வு இடைவெளி கூடும் என்பதை நினைவில் வைத்து, குளிர்ந்த நிலையில் இடைவெளியைக் குறைத்து வைக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றாமல் அரிப்புத் தடுப்பான் கலந்த கூலன்ட்டையே பயன்படுத்த வேண்டும். ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் முழுதும் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூடான அலுமினியத்தின் மரை பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.